சேரிக் கிணற்றங்கரையில் ஒரு மாதிரிக் குழி

எருக்குழித் திட்டத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு, போன வாரம் விவசாய இலாகாவிலிருந்து இரண்டு பேர் பழங்காநத்தத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். மறுபடியும் ஊருக்கு ஊர் குழி தோண்டப் போகிறார்களாம். பழைய ஆட்களின் அனுபவம் புதியவர்களுக்கு உதவுமாம். காப்பி கொடுத்து அனுப்பினேன். நல்லதாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

சாணியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதை அள்ளி வளர்ந்தவன் நான். வயலுக்கு அதைவிட உசத்தியான உரம் இன்றைக்கும் இல்லை. வயலில் கிடந்தால் சோறு, குடிக்கிற தண்ணீரில் கிடந்தால் நோய். இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஆபீசருக்கும் தெரியும். அதுதான் என் கோபம்.

வெள்ளைக்காரன் காலத்தில், இருபது வயது முடியுமுன் விவசாய இலாகாவில் மேஸ்திரியாகச் சேர்ந்தேன். மேஸ்திரி என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். இரும்புக் கலப்பையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் உழுது காட்ட வேண்டும். விதை கொடுக்க வேண்டும். திட்டு வாங்க வேண்டும். சிம்மக்கல் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தில் ஆபீஸ். அங்கே சில மாதம் பழக்கினார்கள், பிறகு திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே, தெற்கே உள்ள ஊர்களை என் தலையில் கட்டினார்கள். ஓட்டைச் சைக்கிளில் சுற்றினேன். சில வருஷம் கழித்துத்தான் எருக்குழித் திட்டம் வந்தது.

அதற்கு முன் எங்கள் பக்கத்து ஊர்களில் குப்பை எப்படிக் கிடந்தது என்று சொல்ல வேண்டும். வீட்டு வாசலுக்கு எதிரே, கண் பார்வையில் குவித்து வைப்பார்கள். கொல்லையில் போட்டால் எவனாவது கூடையோடு அள்ளிக்கொண்டு போய்விடுவான். சாணித் திருட்டுக்காக மண்டை உடைந்த ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வீட்டை அல்ல, குப்பையின் உயரத்தை. குப்பை உயர்ந்திருந்தால் மாடு இருக்கிறது, மாடு இருந்தால் நிலம் இருக்கிறது. ஒருவர் தம் குப்பையைக் குழிக்கு மாற்றச் சம்மதித்தார். வெட்டிக்கொண்டே போனால் நடுவில் உடைந்த வண்டிச் சக்கரம் ஒன்று நட்டமாக நிற்கிறது. சக்கரத்தை நிறுத்தி அதன்மேல் சாணியை அப்பியிருக்கிறார். அவருடைய சம்பந்தி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் மச்சான், வண்டியவே உள்ள வச்சுருந்தா இன்னும் ஒசரமா இருந்துருக்குமே," என்றார் சம்பந்தி. "மாட்டையும் பூட்டி வச்சுருக்கலாம்."

மழை பெய்தால் இந்தக் குப்பைகள் கரைந்து தெருவில் ஓடும். தெரு சரிந்த பக்கம் ஊருணி இருக்கும், இல்லாவிட்டால் கிணறு இருக்கும். சத்து வயலுக்குப் போகாமல் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வயிற்றுப்போக்கு வந்தால் அம்மன் கோபம் என்று கூழ் ஊற்றினார்கள்.

ஆக, திட்டம் நல்ல திட்டம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழி எடுக்கிற முறை இது. முதலில் மழைத் தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கிணற்றுக்கும் ஊருணிக்கும் மேட்டுப்பக்கம் குழி கூடாது. கூப்பிடு தூரமாவது தள்ளி, பள்ளப்பக்கம் இருக்க வேண்டும். இடம் பார்த்த பிறகு முழங்கை ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி வெட்டி, காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். சாயங்காலமும் தண்ணீர் நின்றால் நல்ல மண். உச்சிக்குள் உறிஞ்சிவிட்டால் அடியில் சுக்கான் இருக்கிறது, அந்த இடமே ஆகாது. சுக்கான் பாறை பார்க்கக் கல் மாதிரி இருக்கும், ஆனால் சல்லடை. எருத்தண்ணீரை அப்படியே நிலத்தடிக்கு இறக்கிவிடும். நல்ல மண்ணிலும் அடியில் களிமண்ணைக் குழைத்துப் போட்டு, திமிசுக் கட்டையால் கல்லாகிற வரை இடிக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி வரப்பு, வெளித் தண்ணீர் உள்ளே வராமல். தொழுவத்தில் மூத்திரம் ஊறிய மண்ணைச் சுரண்டி ஒரு அடுக்கு, சாணி ஒரு அடுக்கு, சருகு ஒரு அடுக்கு. நிரம்பியதும் மண் போட்டு மெழுகிவிட வேண்டும். குழி ரொம்ப ஆழமாகவும் போகக் கூடாது.

இவ்வளவையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஆபீசர்தான். அவரே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, திமிசுக் கட்டையைப் பிடித்து இடித்துக் காட்டினார். படித்தவர், கெட்டிக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். உன் பிள்ளைக்கு அம்மை போட்டதே, தண்ணீர் ஊற்றியாச்சா என்று ஞாபகமாகக் கேட்பார். நாம் எதைச் சொன்னாலும், "நீங்க சொல்றது ரொம்பச் சரி மேஸ்திரி," என்பார். பிறகு தாம் நினைத்ததைச் செய்வார். சத்தம் போடுகிற ஆபீசரிடம் நாமும் சத்தம் போடலாம். இவரிடம் அதற்கு வழியில்லை.

அவர் கார் வாங்கியதிலிருந்து கெட்டது எல்லாம். கார் வாங்கினபின் அவர் கீழே இறங்குவது நின்றுபோனது. கைத்தடியைக் கார் ஜன்னல் வழியாக நீட்டி, குழிகளை எண்ணுவார். ரோட்டிலிருந்து தெரியாத குழி அவர் கணக்கில் சேராது. "பெரிய ஆபீசர்கள் வரும்போது ஊருக்குள்ள கூட்டிட்டுப் போக முடியுமா மேஸ்திரி? ரோட்டுல இருந்து தெரியணும்," என்பார்.

அப்படித்தான் அந்த ஊருக்கு வந்தோம். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்களின் பேரன்மார் இருக்கிறார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து சைக்கிளில் அரைப் பொழுது. ஊர் உள்ளே தள்ளி இருந்தது. ரோட்டை ஒட்டி, ஊருக்கு வெளியே, சேரி. ஊருக்கு ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, கோயிலுக்குப் பின்னால். சேரிக்கு ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, ரோட்டுக்குக் கீழே. மற்றதெல்லாம் உப்பு. சேரிக்காரர்கள் ஊர்க் கிணற்றில் இறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அதைச் சட்டமாக யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லாதபடி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சேரிக் கிணறு கெட்டால், அவர்கள் குடத்தோடு ஊர்க் கிணற்றுக்கு எட்ட நின்று, யாராவது மனது வைத்து ஊற்றுகிறவரை காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் கிணறு அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

சிறந்த மாதிரிக் குழிக்கு இலாகா பரிசு வைத்திருந்தது. ஊர் மணியக்காரருக்கு அதன் மேல் ஆசை. நான் ஊருக்குப் பின்னால் ஒரு மேட்டுப் பொட்டலைப் பார்த்து வைத்திருந்தேன். நல்ல மண், பக்கத்தில் கிணறு இல்லை, மழைத் தண்ணீரும் ஊருக்கு எதிர்ப்பக்கம் ஓடிவிடும். காரில் வந்த ஆபீசர் அங்கே போகக் கார்ப் பாதை இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கினார். கைத்தடி ரோட்டோரத்தில் ஒரு இடத்தைக் காட்டியது.

"இங்க எடுக்கலாமே மேஸ்திரி."

"இது ஆகாதுங்க. கீழயே கிணறு இருக்கு."

"எந்தக் கிணறு?"

"சேரிக் கிணறுங்க."

"ஊர்க் கிணறு?"

"அது கோயிலுக்குப் பின்னாடிங்க."

"பிறகென்ன?" என்றார். குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது.

மணியக்காரர் சிரித்தார். "அது புறம்போக்கு தானப்பு. நாத்தமும் ஊருக்குள்ள வராது. ஆபீசர் சரியாத்தான் காமிச்சிருக்காக."

சின்னக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினேன். நான் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் தண்ணீரைக் காணோம். கார்க் கதவண்டை போய்ச் சொன்னேன்.

"நீங்க சொல்றது ரொம்பச் சரி. களிமண்ணைக் கனமாப் போட்டு இடிச்சிருங்க," என்றார். கார் போய்விட்டது.

இடித்தோம். நானும் நின்று இடித்தேன். அடி கல்லாக இறுகியது. அடுத்த முறை போனபோது குழி ஆளை மறைக்கிற ஆழத்துக்கு இறங்கியிருந்தது. களிமண் முழுவதையும் வெட்டி எடுத்து வெளியே எறிந்திருந்தார்கள். வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் தெரிந்தது.

"என்னங்க மணியம் இது?"

"பக்கத்து ஊருக்காரன் நெஞ்சளவு எடுத்துருக்கான். ஆழமா இருக்கவனுக்குத் தான பரிசு? நீங்க போட்ட மண்ணு எடத்த அடைச்சிருச்சுல்ல."

ஆழத்துக்குப் பரிசு என்று எந்த உத்தரவிலும் இல்லை. காரிலிருந்து பார்த்தால் ஆழம்தான் தெரியும் என்று ஊர்க்காரர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆடியிலிருந்து மணியக்காரர் வீட்டு மாட்டுச் சாணமும் அவர் பங்காளிகள் வீட்டுச் சாணமும் அந்தக் குழிக்கு வந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. நான் ஊர்ச் சாவடியில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தபோது வீராயி வந்தாள். சேரியில் வருஷா வருஷம் கிணற்றில் இறங்கித் தூர் வாருகிறவர்களுக்கு அவள்தான் தலைவி. அவள் புருஷன் மணியக்காரரிடம் பண்ணைக்கு இருந்தான். அவனால் வாய் திறக்க முடியாது. அவள் திறப்பாள். எட்டத்தில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"மேஸ்திரி அய்யா, இத மோந்து பாருங்க."

மோந்து பார்க்க வேண்டியதில்லை. தேயிலைத் தண்ணீர் மாதிரி இருந்தது. தொழுவத்து நாற்றம்.

"மணியக்காரச் சாமி வீட்டு மாடு ஒங்க குழியில இருந்துக்கிட்டு எங்க வீட்டுப் பானையில பேலுது. இதுக்குச் சர்க்கார்ல பேரு என்ன?"

நேரே மணியக்காரரிடம் போனேன். குழியை இன்றே காலி செய்து மேட்டுப் பொட்டலில் கொட்டுங்கள் என்றேன்.

"கார்த்திகை வருது. குப்பைக் கார்த்திகைக்கு எங்க வீட்டுப் பொம்பளைக வெளக்கு வைக்கணும். லெச்சுமி இருக்கிற எடத்தக் கிண்டச் சொல்றீகளே."

"அங்கிட்டுக் கொட்டி, அங்கிட்டு வெளக்கு வைங்க."

"நல்லாச் சொன்னீக போங்க."

ஆபீசருக்கு எழுதினேன். பதில் வந்தது: கிணற்றில் சிவப்பு மருந்து போடவும். சிவப்பு மருந்து என்பது பெர்மாங்கனேட். வாந்திபேதி வந்தால் கிணறுகளில் போடுவார்கள். கொண்டுபோய்க் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் சாயங்காலம்வரை ரோஸ் நிறத்தில் இருந்தது. மறுநாள் பழையபடி தேயிலைத் தண்ணீர். மேலே குழி நிரம்பிக் கசிந்துகொண்டே இருக்கும்போது கீழே மருந்தை ஊற்றச் சொல்கிறவரை என்ன சொல்வது? அவருக்குத் தெரியாதா? அவர்தானே சொல்லிக் கொடுத்தார்?

சேரிப் பெண்கள் குடத்தோடு ஊர்க் கிணற்றண்டை போய் நின்றார்கள். ஊற்றுகிறவர்கள் ஊற்றினார்கள். வேலை முடிந்து, குளித்து, மடியாகிவிட்ட பிறகு ஊர்ப் பெண்கள் யாரும் ஊற்றவில்லை. காத்திருந்து சலித்தவர்கள் திரும்பிப் போய்ச் சொந்தக் கிணற்றுத் தண்ணீரையே வடிகட்டிக் குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது. வீராயியின் கடைசிப் பெண், நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை, செத்துப்போனது. குப்பைக் கார்த்திகை அன்று நான் அந்த வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். குழிமேல் வரிசையாக அகல் விளக்குகள். கீழே சேரியில் வீராயி வீட்டில் ஒப்பாரி.

மறுநாளே மணியக்காரர் வீட்டு வாசலில் நின்றேன்.

"வெளக்கு வச்ச குப்பைப்பா. தை பொறக்கட்டும்," என்றார்.

சிம்மக்கல்லுக்குப் போய் ஆபீசர் முன்னால் நின்றேன். குழந்தை செத்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"தையில பெரிய ஆபீசர் வர்றார் மேஸ்திரி. அதுவரை குழி நிறைஞ்சிருக்கணும். அப்புறம் பார்ப்போம்."

தையில் வந்தார்கள். மூன்று கார். பெரிய ஆபீசர் இறங்கினார், இறங்கினவரைக்கும் சந்தோஷம். குழியைப் பார்த்துத் தலையாட்டினார். பக்கத்தில் கிணறு எதுவும் இல்லையே என்று அவராகவே கேட்டார்.

"ஊர்க் கிணறு அந்தப் பக்கம் சார்," என்றார் எங்கள் ஆபீசர்.

"சேரிக் கிணறு இந்தா இருக்குங்க, கீழே," என்று நான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

பெரியவர் கிணற்றைப் பார்த்தார். எங்கள் ஆபீசர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பெரியவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. மணியக்காரருக்கு முதல் பரிசு. ஒரு இரும்புக் கலப்பை. அதை என் வண்டியில்தான் ஏற்றிவந்து கொடுத்தேன்.

சித்திரையில் எருவை வண்டியில் வயலுக்கு அடித்தார்கள். குழி காலியானதும் சேரியே திரண்டு கிணற்றில் இறங்கியது. தண்ணீரை ஒட்ட இறைத்து, அடியில் கறுப்பாகப் படிந்திருந்த சேற்றை வாரிக் கரைமேல் கொட்டினார்கள். ஊறிய தண்ணீர் மறுபடியும் நாறியது. மறுபடியும் இறைத்தார்கள். சித்திரை வெயிலில், கூலி வேலை முடிந்து வந்து இறைத்தார்கள். கடைசியில் தெளிந்தது. பெண்கள் அந்தக் கிணற்றுக்குப் பொங்கல் வைத்தார்கள்.

வைகாசியில் ஆபீசிலிருந்து உத்தரவு வருகிறது. இந்த வருஷமும் அதே இடத்தில் குழி நிரப்பப்பட வேண்டும், மேஸ்திரி நேரில் நின்று பார்க்க வேண்டும். முடியாது என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை, கார் வந்தது. ஆபீசரே வந்துவிட்டார். மணியக்காரர் முதல் வண்டிக்கு மாலை கட்டி, மாட்டுக் கொம்பில் துணி சுற்றி அனுப்பியிருந்தார். பின்னால் ஊர் ஆட்கள். வண்டியைக் குழியின் விளிம்புக்குப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போன வண்டிக்காரன் அப்படியே நின்றுவிட்டான்.

"உள்ள ஆளு இருக்குங்க," என்றான்.

குழிக்குள் வீராயியும் சேரிப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். காலை நீட்டி, நெல் அறுப்புக்கு நடுவில் களைப்பாறுகிறவர்கள் மாதிரி. ஒருத்தி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், ஏறி வாங்கடி மேல," என்றார் மணியக்காரர்.

"வரலங்க சாமி. நெழலா இருக்கு."

"கொட்டச் சொல்லவா?"

"கொட்டுங்க. மேலதிகாரியெல்லாம் வந்துருக்காக. அவுக பாக்கக் கொட்டுங்க."

ஆபீசர் காரைவிட்டு இறங்கவில்லை. கொட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மணியக்காரர் தம் ஆட்களைப் பார்த்தார். "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீக? இறங்கி இழுத்துப் போடுங்க."

ஒருவனும் இறங்கவில்லை. ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தான். அப்போதுதான் எனக்கே உறைத்தது. வீராயி எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே நீட்டினாள், தூக்கச் சொல்லிப் பிள்ளை கை நீட்டுகிற மாதிரி.

"தொட்டுத் தூக்குங்க சாமி. யாரு தூக்குறீக? தூக்கிப் போட்டுட்டுப் போயி முழுகிக்கிருங்க. ஆனா முழுக எங்க கெணத்துப் பக்கம் வந்துறாதீக, தண்ணிய இப்பத்தான் தெளிய வச்சிருக்கோம்."

குழிக்குள் சிரிப்பு எழுந்தது. மேலே நின்ற ஊர் ஆட்களில் ஒருவனும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, மணியக்காரரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். தலைமுறை தலைமுறையாக அவர்களை எட்ட நிறுத்தி வைத்த தீட்டு, அன்றைக்கு அந்தக் குழியைச் சுற்றி வேலியாக நின்றது. அவர்கள் புருஷன்மாரைக் கொண்டு இழுக்கச் சொல்லலாம் என்று மணியக்காரர் சேரியைப் பார்த்துக் கூப்பிட்டார். வீராயி புருஷன் வந்தான். விளிம்பில் நின்று உள்ளே பார்த்தான்.

"எங்கிட்டுங்க சாமி கேக்குறா? வீட்டுலயே கேக்க மாட்டா," என்றான்.

கார் கிளம்பிப் போய்விட்டது. மாலை போட்ட வண்டியும் சாணியோடு ஊருக்குத் திரும்பியது. அந்த ஊரில் மண் வாகு சரியில்லாததால் குழி கைவிடப்பட்டது என்று பிற்பாடு ஆபீசர் எழுதினார். என்னைத் தூக்கி வேறு தாலுகாவில் போட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. குடிக்கிற தண்ணீரில் சாணி கலக்கக் கூடாது என்பதற்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் குழிக்குள் போய் உட்கார வேண்டியிருந்ததே, அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. இனிமேல் குழி தோண்டப் போகிறவர்கள் காரைவிட்டு இறங்கி, கீழே யாருடைய கிணறு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தோண்டட்டும். யாருடையதாக இருந்தாலும் அது கிணறுதான்.

அன்றைக்குக் கார் போன பிறகும் பெண்கள் வெளியே வரவில்லை. நாங்கள் ஏறினால் நாளைக்கே வண்டி வரும் என்றார்கள். குழி தோண்டியபோது எறிந்த களிமண்ணும் மண்ணும், கிணற்றிலிருந்து வாரிக் காய்ந்த சேறும் கல்லும் மலையாகக் கிடந்தது. ஆண்கள் அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து குழிக்குள் கொட்டினார்கள். பெண்கள் எழுந்து அதை மிதித்தார்கள். கொட்டக் கொட்ட மிதித்தார்கள். நானும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். மண் உயர உயர அவர்களும் உயர்ந்து வந்தார்கள். முதலில் கொண்டைகள் தெரிந்தன, பிறகு தோள்கள், பிறகு இடுப்பு. பொழுது சாய்ந்தபோது அவர்கள் எங்களோடு சமமாக ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.